கான்கிரீட் ஊற்றும் முன் ஒருமுறை குழிக்குள் இறங்குங்கள்

ஏழாவது குழியில் கம்பி இறங்கிவிட்டது.

12 மில்லி முறுக்குக் கம்பி. ஒரு முனையைச் சாணை பிடித்துக் கூராக்கி வைத்திருந்தேன். மற்ற எட்டுக் குழிகளிலும் அடிமண்ணில் ஊன்றி, உடம்புப் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாலும் இரண்டு விரற்கடைக்கு மேல் போகவில்லை. கெட்டிச் செம்மண், ஊடே சரளை. ஏழாவதில் வடக்கு ஓரத்தில் ஊன்றியதும் முழங்கை நீளத்துக்குச் சரசரவென்று உள்ளே போனது. பிடுங்கிப் பார்த்தேன். நுனியில் ஒட்டியிருந்த மண் கறுப்பாக இருந்தது. முகர்ந்தால் குட்டை நாற்றம்.

அக்கா கட்டும் வீட்டின் அஸ்திவாரக் குழிகள் அவை. மறுநாள் காலை கான்கிரீட் லாரி வரச் சொல்லியாகிவிட்டது. கம்பிக்கூடுகள் கட்டி முடித்து வெளியே தயாராகக் கிடந்தன. மேஸ்திரி குழியின் விளிம்பில் நின்றபடியே, "இந்த ஒண்ணுதானே சார், இன்னும் அரையடி பி.சி.சி. ஏத்திப் போட்டுட்டா சரியாயிடும்" என்றார். பி.சி.சி. என்பது குழியின் அடியில் முதலில் பரப்பும் கம்பியில்லாத கான்கிரீட். ஏமாற்றுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் கைப்பட்ட எத்தனையோ இடங்களில் அதையே செய்து வீடுகளும் நிற்கின்றன. அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"நிறுத்தணுமாடா தம்பி?"

"நிறுத்தணும்க்கா."

குழியின் பக்கங்களைச் சரிவாக வெட்டிவிட்டு மேலும் தோண்டச் சொன்னேன். ஒரு முழம் போனதும் ஓட்டுச் சில்லு வந்தது. அதற்குக் கீழே கரித்துண்டு. அதற்கும் கீழே, ஒரு நீலப் பிளாஸ்டிக் பையின் கிழிசல். தரை மட்டத்திலிருந்து நாடா பிடித்தால் ஏழடி. ஏழடி ஆழத்தில் பிளாஸ்டிக் கிடைக்கிறது என்றால் அங்கே மண்ணைப் போட்டது காலம் அல்ல, யாரோ ஒருவருடைய லாரி. பள்ளமாகவோ குட்டையாகவோ கிடந்த இடத்தைக் கையில் கிடைத்ததைக் கொட்டித் தூர்த்து, மேலே நல்ல மண்ணைப் பரப்பி மட்டம் செய்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தின் ஓரம் சரியாக ஏழாவது குழியின் நடுவே ஓடியது. குழியில் பாதி இயற்கை மண், பாதி தூர்த்த மண்.

இத்தனைக்கும் நாங்கள் சாயில் டெஸ்ட் செய்திருந்தோம். மனையின் இரண்டு மூலைகளில் இரண்டு துளை போட்டு, அறிக்கை வாங்கி, அதை வைத்துத்தான் அஸ்திவாரம் வடிவமைக்கப்பட்டது. அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டு துளையும் நல்ல மண்ணில் விழுந்தன. குட்டை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஒரு துளையின் விட்டம் ஒரு சாண் கூட இருக்காது. அறிக்கை உறுதியாகப் பேசுவது அந்த ஒரு சாணுக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் இரண்டு துளைக்கும் இடையே போட்ட கோடு. அந்தக் கோடு சரியா என்று நம் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ஒரே சமயம், வானம் தோண்டி முடித்துக் கான்கிரீட் வரும் முன் இருக்கும் அந்த ஓரிரு நாள்தான். அதன்பிறகு அந்த மண்ணை யாரும் பார்க்கப்போவதில்லை.

வீடு கட்டப் போகிறவர்கள் என்னிடம் எப்போதும் கேட்பது, "எங்க மண்ணு ஸ்ட்ராங்கா இருக்குமா?" என்பதுதான். அது பாதிக் கேள்விதான். மண் சற்று மென்மையாக இருந்தால் அதற்கு வழி உண்டு. ஒரு தூண் வழியாக 30 டன் பாரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் மண்ணில் அதற்கு ஒன்றேகால் மீட்டர் சதுரப் பூட்டிங், அதாவது தூணின் அடியில் அகலமாகப் போடும் கான்கிரீட் பலகை, போதும். 10 டன்தான் தாங்கும் என்றால் ஒன்றேமுக்கால் மீட்டர் சதுரம் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்சம் கூடுதல் கம்பி, கொஞ்சம் கூடுதல் கான்கிரீட். மென்மையான மண்ணில் ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய வீடுகள் தலைமுறைகளாக நிற்கின்றன.

வீட்டைக் கெடுப்பது, ஒரு மூலையில் ஒரு மண்ணும் இன்னொரு மூலையில் வேறு மண்ணும் இருப்பது. வீடு முழுவதும் ஒரே சீராக இரண்டு அங்குலம் இறங்கினால் குழாய் இணைப்புகளும் வாசற்படியும் சிரமம் தரும். சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பன்னிரண்டடி இடைவெளியில் நிற்கும் இரண்டு தூண்களில் ஒன்று மட்டும் மற்றதைவிட அரை அங்குலம் கூடுதலாக இறங்கினால் சுவர் வெடிக்கும். இந்த அளவு குத்துமதிப்பல்ல. ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இருவர் பல கட்டடங்களின் இறக்கத்தைத் தொகுத்துப் பார்த்து 1956-இல் சொன்ன வரம்பு: இரு தூண்களின் இடைவெளியில் 300-இல் ஒரு பங்கு இறக்க வித்தியாசம் வந்தால் சுவரில் வெடிப்பு, 150-இல் ஒரு பங்கு வந்தால் கட்டுமானத்துக்கே சேதம். பன்னிரண்டடியை மில்லிமீட்டராக்கினால் சுமார் 3,600. முந்நூறால் வகுத்தால் 12 மில்லிமீட்டர். கையில் பிடித்திருந்த கம்பியின் கனம்தான் அது. ஏழாவது குழியில் அந்தக் கம்பி முழங்கை நீளம் இறங்கியிருந்தது.

மேஸ்திரி சொன்ன கூடுதல் பி.சி.சி. ஏன் உதவாது என்பதும் இதிலேயே இருக்கிறது. பாதி கெட்டி மண்ணிலும் பாதி பொதபொதப்பிலும் உட்கார்ந்திருக்கும் பலகையைத் தடிமனாக்கினால் பலகை உடையாது, ஒரு பக்கமாகச் சாயும். ஒரு பாதி பாறை, மறுபாதி மண் என்று அமைந்த குழியும் இதே வகைதான். "பாதி பாறையே கிடைச்சிருச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் எனக்குப் பயம்.

சாயில் டெஸ்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணுக்கு அடிப்படை என்ன? துளைக்குள் ஒரு குழலை இறக்கி, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் திரும்பத் திரும்ப விழவிடுகிறார்கள். குழல் 45 சென்டிமீட்டர் இறங்கச் சுத்தியல் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, துளை போட்டதில் அந்த மண் கலைந்திருக்கும். மீதி 30 சென்டிமீட்டருக்கு விழுந்த அடிகளின் எண்ணிக்கைதான் 'N' மதிப்பு. மணலில் 4-க்குக் கீழே என்றால் மிகத் தளர்ந்தது, 10 வரை தளர்ந்தது, 30-ஐத் தாண்டினால் நெருக்கமானது. களிமண்ணுக்கு வேறு அளவு: 4-க்குக் கீழே என்றாலே மென்களி, 15-க்கு மேல் போனால் நல்ல இறுக்கம்.

துளை போடும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். கயிறு பிடிக்கும் ஆட்கள் களைத்துப்போய்ச் சுத்தியலை முழு உயரத்துக்குத் தூக்காமல் பாதியிலேயே விட்டால், குழல் இறங்க அதிக அடி தேவைப்படும். ஏட்டில் எண் கூடும். இருக்கிற மண்ணைவிடக் கெட்டியான மண்ணாக அது காகிதத்தில் ஏறிவிடும். குழலின் வாயில் ஒரு சரளைக் கல் அடைத்துக்கொண்டாலும் இதே கதை. ஒரே ஆழத்தில் எண் திடீரென்று எகிறியிருந்தால் கேளுங்கள். குழலைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே வந்த மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர் தெரிந்தது, மறுநாள் அது எங்கே நின்றது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

எவ்வளவு ஆழம் பார்க்க வேண்டும்? சதுரப் பூட்டிங்கின் பாரம் அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போகும்போதுதான் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒன்றரை மீட்டர் பூட்டிங் என்றால் அதன் அடியிலிருந்து இன்னும் மூன்று மீட்டருக்காவது என்ன மண் என்று தெரிந்திருக்க வேண்டும். பூட்டிங்குகள் நெருங்கி அமைந்தாலோ, வீடு முழுவதற்கும் ஒரே பலகையாகப் போட்டாலோ கணக்கு மாறிவிடும். அப்போது அகலம் என்பது வீட்டின் அகலம். பாரம் அத்தனை ஆழத்துக்கு எட்டும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது கனடாவில் வின்னிபெக் பக்கத்திலுள்ள டிரான்ஸ்கோனா தானியக் களஞ்சியம். கட்டும் முன் அங்கேயும் மண்ணைச் சோதித்தார்கள். தோண்டிய பள்ளத்தில் சிறிய தட்டை வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றி, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார்கள். நன்றாகவே தாங்கியது. சிறிய தட்டின் பாரம் மேலே இருந்த கெட்டிக் களியோடு தீர்ந்துபோனது யாருக்கும் உறைக்கவில்லை. முழுக் களஞ்சியத்தின் பாரம் அதற்கும் கீழே இருந்த மென்களி வரை போனது. 1913 அக்டோபரில், தானியம் நிரப்பிக்கொண்டிருந்தபோது இறங்கத் தொடங்கி, ஒரே நாளில் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்து நின்றது. கான்கிரீட் உடையவில்லை, அதனால் அடியில் தோண்டித் தூண் கொடுத்து நிமிர்த்தி மறுபடியும் பயன்படுத்தினார்கள். மேலே கட்டியவர்கள் வேலையில் குறையே இல்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். 1950-களில் அந்த இடத்தில் ஆழத் துளையிட்டுப் பார்த்த பிறகுதான் கீழ் மண்ணின் உண்மையான பலம் எண்ணாகத் தெரிந்தது.

பைசா கோபுரத்தையும் எல்லோருக்கும் தெரியும். 1173-இல் தொடங்கி, மூன்றாவது மாடி எழும்பும்போதே சாயத் தொடங்கியது. கடைசியில் சாய்வைக் குறைத்தபோது கோபுரத்தை யாரும் இழுக்கவில்லை. உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியிலிருந்து சிறுகச் சிறுக மண்ணை உருவி எடுத்தார்கள். 2001-இல் மக்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள். சாய்த்ததும் மண், நிமிர்த்தியதும் மண்.

இறங்கும் மண்ணைப் பற்றி இவ்வளவு பேசினேன். ஏறும் மண்ணும் உண்டு, எனக்கு முதலில் பாடம் சொன்னது அதுதான். அப்பா கட்டிய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடும். கோடையில் அதற்குள் பத்துக் காசு நாணயத்தைச் சொருகலாம், மழைக்காலத்தில் மயிரிழையாகிவிடும். அப்பா அதன் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பார். ஒவ்வொரு கோடையிலும் சிமெண்டைக் குழைத்து அடைப்பார். மழை பெய்து மண் ஊறிச் சுவர் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும்போது அடைத்த சிமெண்ட் வழிவிடாது. பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு கிளம்பும். பல வருடம் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது, குற்றம் சுவரில் இல்லை, மூன்றடிக் கடைக்காலுக்குக் கீழே இருந்த கரிசலில் என்று.

அந்த வகைக் களியில் மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் இருக்கும். தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் அதிகம் மாறாது. ஓரச் சுவர்களுக்குக் கீழே மட்டும் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். உப்பும்போது அது தள்ளும் விசை ஒரு சின்ன வீட்டின் பாரத்தையே மிஞ்சக்கூடும். இங்கே 'N' மதிப்பு நன்றாகவே வரும், கோடையில் துளை போட்டால் பாறை மாதிரி இருக்கும். தாங்குதிறனை மட்டும் பார்த்தவர் ஏமாந்துபோவார்.

இதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கோடையில் தரையில் கை நுழைகிற அளவு வெடிப்பு விட்டிருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. ஈரமண்ணை எடுத்து உள்ளங்கையில் திரியாக உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிந்தும் உடையாமல் வந்து, பிசைந்து மறுபடி உருட்டினாலும் வந்தால் களி அதிகம். ஸ்வீடன் வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911-இல் வகுத்த வரம்புகளில் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் இன்றும் இப்படிக் கையால் உருட்டித்தான் பார்க்கிறார்கள். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில் உப்பல் சோதனை கேளுங்கள். காயவைத்துச் சலித்த மண் 10 கிராம் தண்ணீர்க் குடுவையில், அதே 10 கிராம் மண்ணெண்ணெய்க் குடுவையில். மண்ணெண்ணெயில் களி உப்பாது. ஒரு நாள் கழித்து இரண்டிலும் மண் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒப்பிடுவார்கள். தண்ணீரில் இருப்பது 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் சாதாரணப் பூட்டிங்கோடு போகாதீர்கள்; பருவ ஈரம் எட்டாத ஆழத்துக்குப் போவதா, அடி பருத்த பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) போடுவதா என்று பொறியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

களி நிலத்தில் மரத்தையும் கவனியுங்கள். பெரிய மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்க வைத்திருக்கும். வீடு கட்ட அதை வெட்டினால், வருடக்கணக்கில் அந்த மண் மெல்ல ஈரம் ஏறி உப்பும். வறட்சி வந்தால் நேர்மாறு. பிரிட்டனில் 1976 வறட்சியில் களிமண் பகுதி வீடுகள் இறங்கி வெடித்து, காப்பீடு கேட்டு வந்தவர்கள் ஏராளம்.

தண்ணீர் மணலையும் விடாது. நிலத்தடி நீர் பூட்டிங்கின் அடி வரை ஏறினால் மணலின் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வறண்ட மாதத்தில் தோண்டிய குழியில் தண்ணீரே இல்லை என்பதால் எப்போதும் இருக்காது என்று நினைக்காதீர்கள். குழியின் சுவரைப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தது போல ஆரஞ்சுத் திட்டுகள் தெரிந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் அந்த மட்டம் வரை ஏறி இறங்குகிறது. மண் எழுதி வைத்த தேதிக்குறிப்பு அது. மண்ணிலும் நீரிலும் கான்கிரீட்டை அரிக்கும் சல்பேட் எவ்வளவு என்பதையும் அதே ஆய்வுக்கூடத்தில் கேட்டுவிடுங்கள். அளவு கூடினால் சிமெண்டின் வகையே மாற வேண்டும்.

இனி குழிக்கு வருகிறேன். இடுப்பளவுக்கு மேல் ஆழமான குழியில், பக்கங்கள் செங்குத்தாக நிற்கும்போது, மேலே ஆள் இல்லாமல் இறங்கவே கூடாது. மண் சரிந்தால் மார்பளவு மூடினாலே மூச்சு விட முடியாது. சரிவு வெட்டிவிட்டு இறங்குங்கள். எல்லாக் குழிகளிலும் அடிமண் ஒரே நிறமா, ஒரே பதமா என்று முதலில் பாருங்கள். கம்பியை நான்கு மூலையிலும் நடுவிலும் ஊன்றுங்கள். களியானால் புதிதாக வெட்டிய இடத்தில் கட்டைவிரலை அழுத்துங்கள். விரல் சுலபமாக உள்ளே போனால் மென்களி. நகம் மட்டும் பதிந்தால் நல்ல இறுக்கம். செங்கல் துண்டு, கரி, பிளாஸ்டிக், அழுகிய வேர், எது கிடைத்தாலும் நிறுத்துங்கள்.

ஜேசிபி தோண்டும்போது கடைசி அரையடியை விட்டுவைத்து ஆளை வைத்து வெட்டச் சொல்லுங்கள், அதன் பற்கள் அடிமண்ணைக் கிளறிவிடும். அளவுக்கு மேல் ஆழமாகப் போய்விட்டால் எடுத்த மண்ணையே தள்ளி மட்டம் செய்ய விடாதீர்கள். அந்தக் கூடுதல் ஆழத்தை மெலிந்த (சிமெண்ட் குறைந்த) கான்கிரீட்டால் நிரப்புங்கள். இரவில் மழை பெய்தால் காலையில் தண்ணீரை இறைப்பதோடு வேலை முடியாது. ஊறிச் சேறான மேல்படலத்தைக் கெட்டி மண் தெரியும் வரை சுரண்டி எடுக்க வேண்டும். சேற்றின்மேல் ஜல்லியைக் கொட்டி மறைப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். குழி சரி என்று தெரிந்த அன்றே பி.சி.சி. போட்டு மூடிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அக்கா வீட்டுக்கு மறுநாள் லாரி வரவில்லை. குட்டை எதுவரை போகிறது என்று அறிய ஏழாவது குழிக்கு வெளியே இரண்டு சோதனைக் குழி போட்டோம். நான்காவது, எட்டாவது குழிகளின் ஓரத்தையும் ஆழமாக வெட்டிப் பார்த்தோம்; அங்கெல்லாம் இயற்கை மண்தான். ஏழாவதில் ஒன்பதடியில் சரளைச் செம்மண் தட்டியது. குழியின் பாதியை மட்டும் இல்லாமல் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்கி, கம்பியை ஐந்து இடத்தில் ஊன்றிப் பார்த்து, பழைய மட்டம் வரை மெலிந்த கான்கிரீட்டால் நிரப்பி, அதன்மேல் மற்ற குழிகளைப் போலவே பி.சி.சி. போட்டோம். வடிவமைத்த பொறியாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு, அந்தத் தூணைப் பக்கத்துத் தூண்களோடு தரை மட்டத்தில் இணைக்கும் பிளிந்த் பீமில் கம்பியைக் கூட்டச் சொன்னார். மேஸ்திரி அன்று பேசவில்லை. அடுத்த நாள் காலை, நான் போகும் முன்பே, என் கம்பியை எடுத்துக்கொண்டு மற்ற எட்டுக் குழிகளிலும் தானே ஒருமுறை ஊன்றிப் பார்த்திருந்தார்.

ஐந்தாம் நாள் கான்கிரீட் விழுந்தது. அதற்கு முன், அடிமண் மூடப்படாமல் இருந்தபோதே, ஒவ்வொரு குழியிலும் அளவுநாடாவைத் தொங்கவிட்டுப் படம் எடுத்து, குழி எண்ணும் தேதியும் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள். எட்டுப் படங்களில் நாடா ஐந்தடியில் நிற்கிறது, ஏழாவதில் ஒன்பதடியில்.